தொண்ணூற்றிரண்டு மணி நேர ஊசி

மாநில மக்கள் அனைவரும், குறிப்பாக முதுகு உள்ளவர்கள், நின்று கேட்டுப் போகவேண்டிய அறிவிப்பு இது. நூறு மணி நேரம் பயிற்சி பெற்ற கைரோபிராக்டரின், அதாவது முதுகெலும்பு வைத்தியரின், கையில் இருக்கும் அக்குபஞ்சர் ஊசி, மருத்துவம். தொண்ணூற்றொன்பது மணி ஐம்பத்தொன்பது நிமிடம் பயிற்சி பெற்றவரின் கையில் இருக்கும் அதே ஊசி, அதே பெட்டியிலிருந்து எடுத்தது, அதே தோளில் அதே இடத்தில் குத்தியது, குற்றம். இந்த உண்மையை மனிதகுலம் பல நூற்றாண்டுகளாகக் கவனிக்காமல் ஊசி குத்திக்கொண்டிருந்தது. எங்கள் மாநிலத்துக் கைரோபிராக்டர் வாரியம் போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் அதைக் கண்டுபிடித்து, கை தூக்கி, சட்டமாக்கியது.

அந்தச் சட்டத்தின் முதல் குற்றவாளியைப் பார்க்கத்தான் இந்த வருடம் ஒரு புதன்கிழமை காலை லோர்னா ஹாவர்காம்ப் காரோட்டிக்கொண்டு போனாள். வாரியத்தின் ஒரே புலனாய்வாளர். வயது ஐம்பத்து நான்கு. இரண்டு வாரமாகக் கழுத்து இடதுபுறம் திரும்ப மறுத்தது. அதனால் இடதுபுறம் திரும்பவேண்டிய சாலைகளில் எல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்த உதவியாளர் டுவேன் குப்காவின் கண்களை நம்பித்தான் வண்டியைத் திருப்பினாள்.

"இடது பக்கம் வண்டி வருதா?"

"ஒரு டிராக்டர் வருது மேடம். ஆனா அதுவும் அரசாங்க வேலை வேகத்துலதான் வருது. நாம போய் ஒரு காபி குடிச்சுட்டு வரலாம்."

"டுவேன்!"

"திருப்புங்க, திருப்புங்க."

இரண்டு பக்கமும் உழுத வயல், ஏப்ரல் மாதச் சேறு. எல்க் கார்னர்ஸ் என்ற அந்த ஊரில் இருப்பது ஒரு தானியக் கிடங்கு, இரண்டு தேவாலயம், ஒரு கைரோபிராக்டர். நாள் முழுக்கப் பன்றிக்குட்டியும் தீவன மூட்டையும் தூக்குகிற ஜனங்களுக்கு முதுகைச் சொடுக்கெடுத்து நேராக்கிவிட ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் டாக்டர் ஆர்லிஸ் போக்மன். வருகிற வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாரியத்தின் முன் அவள் விசாரணை. தோற்றால் ஊசி மட்டுமல்ல, முதுகைத் தொடுகிற உரிமமே இரண்டு வருடத்துக்குப் போய்விடும்.

"கோப்புல என்ன இருக்குன்னு இன்னொரு தடவை படி," என்றாள் லோர்னா.

டுவேன் மடியிலிருந்த கோப்பைப் பிரித்தான். "பயிற்சி வகுப்பு சனிக்கிழமை தோறும், எட்டு மணி நேரம். நூறு மணி நேரத்துக்குப் பன்னிரண்டரை சனிக்கிழமை. அந்த அரைச் சனிக்கிழமைய யோசிச்ச மூளைக்கு ஒரு சிலை வைக்கணும். வகுப்புல முப்பத்திரண்டு பேர். முப்பத்தொரு பேர் நூறு மணி நேரம் முழுசா முடிச்சாச்சு. நம்ம ஆர்லிஸம்மா மட்டும் தொண்ணூற்றிரண்டு. பிப்ரவரி எட்டாம் தேதி சனிக்கிழமை, அவங்க கையெழுத்தும் இல்ல, கருத்துப் படிவமும் இல்ல."

"மத்த முப்பத்தொரு பேர் யாரு?"

"மை பூசி மறைச்சிருக்காங்க. தனிநபர் ரகசியமாம். நம்ம வாரியம் அனுப்பிச்ச காகிதத்த நம்ம வாரியத்து ஆளே படிக்கக்கூடாதாம்."

லோர்னா பல்லைக் கடித்தாள். முந்தின நாள் முழுவதும் அவள் போனில் இருந்தாள். கைரோபிராக்டர் வாரியத்தின் அலுவலகத்தில், ஊசி விஷயம் என்றால் அக்குபஞ்சர் வாரியத்தைக் கேளுங்கள் என்றார்கள். அக்குபஞ்சர் வாரியத்தில், ஊசி எங்களுடையதுதான், ஆனால் அதைப் பிடித்திருக்கிற கை அவர்களுடையது, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். நடுவில் ஐம்பது நிமிடம் போனில் காத்திருப்புச் சங்கீதம் கேட்டாள். கடைசியில் வாரியத் தலைவர் டாக்டர் ரோலண்ட் ப்ராங்கேயே போனுக்கு வந்து, "லோர்னா, இதில் புலனாய்வு செய்ய ஒன்றுமில்லை. அந்த எட்டு மணி நேரம் தன்னிடம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கி வா. நூறு மணி நேரச் சட்டம் என் குழந்தை. அதன் ஒரு விரலைக்கூட யாரும் ஒடிக்க விடமாட்டேன்" என்றார். அவர் போனிலும் மேடையில் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

கிளினிக்கில் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் நேராக உட்காரவில்லை. வலது பக்கம் சாய்ந்திருந்த பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் லோர்னாவின் அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்தார்.

"ஊசிப் பெட்டிய பூட்டி வெக்கச் சொன்னது நீங்கதானா?"

"வாரியத்தோட இடைக்கால உத்தரவு, சார்."

"அந்த வாரியத்துல யாராச்சும் எரு வாரியிருக்காங்களா?"

லோர்னா அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஆர்லிஸ் போக்மன் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நாற்பதைத் தாண்டிய, உயரமான, அதிகம் பேசாத பெண். லோர்னாவின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"இடது பக்கம் பூட்டிக்கிச்சா? உட்காருங்க, ரெண்டு நிமிஷம்."

"கூடாது டாக்டர். விசாரணையில இருக்கறவங்க கிட்ட இருந்து நான் ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கக்கூடாது."

"நான் வாங்கலாமா?" என்றான் டுவேன். "எனக்குத் தண்ணி போதும். ஊசி வேண்டாம். தையல் ஊசியப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும்."

லோர்னா நேராக விஷயத்துக்கு வந்தாள். "பிப்ரவரி எட்டாம் தேதி. எங்க இருந்தீங்க?"

"வகுப்பு நடக்கிற ஓட்டல்ல. கார்ன் கிரவுன் இன்."

"எத்தன மணிக்கு?"

"காலைல எட்டுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு."

லோர்னா கழுத்தோடு சேர்த்து உடம்பையே திருப்பி டுவேனைப் பார்த்தாள். டுவேன் எழுதுவதை நிறுத்தியிருந்தான்.

"முழு நாளும் அங்கேயே இருந்திருக்கீங்க. அப்புறம் ஏன் கையெழுத்து போடல?"

"போட முடியாது."

"கை வலியா?" என்றான் டுவேன்.

"இல்ல. போடறது சரியில்ல. அவ்ளோதான்."

"கருத்துப் படிவம்?"

"அதுவும் நிரப்பல."

"டாக்டர், ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை உங்க உரிமம் போகப்போகுது. இந்த ஊர்ல இருக்கிற எல்லா முதுகும் உங்கள நம்பியிருக்கு. அதுல நாலு கோணல் முதுகு வெளியில உட்கார்ந்திருக்கு."

ஆர்லிஸ் துண்டை மடித்தாள். அதையே பிரித்து மறுபடி மடித்தாள். "அடுத்தவங்களப் பத்தி நான் பேசறதில்லீங்க. என் கையெழுத்தப் பத்திக் கேட்டீங்க, சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்து மனிதர்களிடம் இருக்கிற பெரிய நோய் இது. பக்கத்து வீட்டுக்காரர் நம் தலையில் தீ வைத்தாலும், ஒருவேளை அவருக்குக் குளிராக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். இதற்கு எந்தக் கைரோபிராக்டரிடமும் வைத்தியம் கிடையாது.

காரில் ஏறியதும் லோர்னா ஸ்டீயரிங்கை ஒரு குத்துக் குத்தினாள். "நாள் முழுக்க வகுப்புல இருந்தேங்கறா. கையெழுத்து போட முடியாதுங்கறா. என்ன அர்த்தம் இதுக்கு?"

"ரெண்டு அர்த்தம் இருக்கலாம். ஒண்ணு, அவங்க பொய் சொல்றாங்க. ரெண்டு, அவங்க மட்டும் பொய் சொல்லல."

"புத்திசாலித்தனமாப் பேசறதா நினைப்பா?"

"சம்பளத்துல அது சேராது மேடம், இலவசமாக் குடுக்கறேன்." டுவேன் கோப்பின் அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்தான். "அந்தச் சனிக்கிழமையோட கருத்துப் படிவம் முப்பத்தொண்ணும் இருக்கு. பேர் எழுத வேண்டாம்கறதால மை பூசல. படிக்கட்டுமா?"

கருத்துப் படிவம் என்பது எங்கள் மாநிலத்தில் சகல படிப்புக்கும் உயிர். நீங்கள் வகுப்பில் தூங்கலாம், குறட்டை விடலாம். ஆனால் போகும்போது விரிவுரையாளரின் குரல் எப்படி, அறையின் வெப்பம் எப்படி, மதியச் சாப்பாடு எப்படி என்று மூன்று கேள்விக்குப் பதில் எழுதித் தராவிட்டால் படித்தது கணக்கில் வராது.

"'விரிவுரையாளர் குரல் தெளிவு.' 'விரிவுரையாளர் குரல் மிகத் தெளிவு.' 'கடைசி வரிசைக்கும் கேட்டது.' முப்பத்தொரு பேருக்கும் கேட்டிருக்கு. 'அறை சற்றே குளிர்.' இப்படி பதினாலு பேர். சாப்பாடு, 'நன்று', 'நன்று', 'நன்று'... இதோ ஒரு ரசிகர். 'கோழி வறண்டிருந்தது. இந்தத் தொழிலின் கண்ணியத்துக்கு ஏற்ற கோழி அல்ல.'"

"என்ன?"

"'கண்ணியத்துக்கு ஏற்ற கோழி அல்ல.' ஒரு கோழியால இதுக்கு மேல என்ன பண்ணமுடியும்? செத்திருக்கு, வெந்திருக்கு."

லோர்னா சிரிக்கவில்லை. ஆனால் வண்டியைத் தலைநகருக்குப் பதில் நெடுஞ்சாலைப் பக்கம் திருப்பினாள். "அந்த ஓட்டலுக்குப் போவோம். அவ அங்க இருந்தாளா இல்லையான்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும்."

கார்ன் கிரவுன் இன்னில் மேலாளர் இல்லை. அவர் எங்கே என்று வரவேற்பில் இருந்தவருக்குத் தெரியவில்லை. விருந்தினர் பதிவேடு கணினியில் இருந்தது, கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. எழுத்து மூலம் கேட்டால் முப்பது வேலை நாளில் பதில் கிடைக்கும். லோர்னா கவுண்டரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"மேடம், மூக்கு வேலை செய்யுது," என்றான் டுவேன். "சமையலறை அந்தப் பக்கம்."

சமையலறையில் வெர்னா டோஸ்டல் மரச் சுத்தியலால் பன்றி இறைச்சியை அடித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாக அங்கே சமைப்பவள். ஒவ்வொரு அடிக்கும் மேசையிலிருந்த உப்பு ஜாடி ஒரு அங்குலம் நகர்ந்தது.

"உள்ள வாங்க கண்ணுங்களா. பசியோட வந்திருக்கீங்களா, கேள்வியோட வந்திருக்கீங்களா?"

"ரெண்டும்," என்றான் டுவேன்.

"கேள்வி மட்டும்," என்றாள் லோர்னா. "பிப்ரவரி எட்டாம் தேதி இங்க ஊசி வகுப்பு நடந்துச்சு. அன்னிக்கு மதியம் சாப்பாடு நீங்கதானே சமைச்சீங்க?"

"நான்தான்."

"அன்னிக்குக் கோழி..." என்று டுவேன் படிவத்தைப் பார்த்துத் தொடங்கினான். "கோழி வறண்டிருந்ததா ஒருத்தர் புகார் எழுதியிருக்கார்."

சுத்தியல் நடுவழியில் நின்றது.

"என்னது?"

"எழுதினது நான் இல்ல," என்று டுவேன் ஒரு அடி பின்னால் போனான்.

"எந்தப் பய சொன்னான் கோழின்னு? மத்த சனிக்கிழமை பூரா கோழிதான், ஒத்துக்கறேன். அந்த ஒரு சனிக்கிழமை நான் கோழிய கண்ணாலயே பாக்கல! பனி வருதுன்னு ரேடியோல சொன்னதும் கோழி லாரிக்காரன் வெள்ளிக்கிழமையே வரமாட்டேன்னுட்டான். இருந்தது பன்னிக்கறி. ராத்திரியே அடிச்சு, மோர்ல ஊறப்போட்டு, முப்பத்திரண்டு துண்டு. ரொட்டிக்கு ரெண்டு பக்கமும் தட்டு அளவுக்கு வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும். வாத்தியார் கறி சாப்பிட மாட்டாராம், அவருக்குத் தனியா ஒரு கீரை. என் பன்னிக்கறிய எவனாவது கோழின்னு சொன்னா அவன் நாக்க மொதல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

லோர்னா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு வாரத்தில் முதல் முறையாக அவளுக்குக் கழுத்து வலி மறந்துபோயிருந்தது.

"வெர்னா, அந்த முப்பத்திரண்டையும் யார் சாப்பிட்டாங்க?"

"ஒண்ணு நான். ஒண்ணு அந்த உசரமான பொண்ணு. ரோடு மூடிருவாங்கன்னு பயந்து முதல் நாளே வந்து ரூம் போட்டிருந்தா. நானும் வீட்டுக்குப் போகல. மீதி முப்பதும் பனி வாருற பசங்க. ஆறு பேரு, ஆளுக்கு அஞ்சு. கீரைய எவனும் தொடல."

"மத்த டாக்டருங்க?"

"எந்த டாக்டருங்க? காலைல ஆறு மணிக்கே நெடுஞ்சாலைக்குக் கேட் போட்டுட்டாங்களே கண்ணு. வாத்தியார் டென்வர் ஏர்போர்ட்ல மாட்டிக்கிட்டாரு. ஒரு பய வரல. அந்தப் பொண்ணு மட்டும் நோட்டுப் புத்தகத்த வெச்சுக்கிட்டு முதல் வரிசைல உட்கார்ந்திருந்தா. வகுப்பு இல்லம்மா, மேல போய்த் தூங்குன்னேன். 'எட்டு மணி நேரம்னு போட்டிருக்காங்க, யாராவது வந்துட்டா?'ங்கறா. அஞ்சு மணிக்கு நாற்காலிய எல்லாம் அடுக்கி வெச்சுட்டுத்தான் எழுந்தா."

வெர்னா குளிர்பதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். காந்தத்தில் ஒட்டியிருந்த போட்டோ. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆறு முரடர்கள், இரண்டு கையிலும் ரொட்டி. பின்னால் ஜன்னலில் பாதி உயரத்துக்குப் பனி. ஒருவனின் முதுகில் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள் ஆர்லிஸ் போக்மன். மூலையில் தேதி. பிப்ரவரி எட்டு.

"மேடம்," என்றான் டுவேன், குரலைத் தாழ்த்தி. "முப்பத்தொரு பேர் வராத வகுப்புல, வராத வாத்தியார் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கு."

"வகுப்புக்கு வந்த ஒரே ஆளுக்குத்தான் மணி நேரம் குறையுது." லோர்னா எழுந்தாள். "அந்தப் போட்டோவ எனக்குக் குடுப்பீங்களா, வெர்னா?"

"எடுத்துக்க. அந்தக் கோழிக்காரன் யாருன்னு கண்டுபிடிச்சா எனக்கு ஒரு போன் போடு."

வெள்ளிக்கிழமை பத்து மணி. வாரியத்தின் கூடம். நீண்ட மேசைக்குப் பின்னால் ஏழு உறுப்பினர்கள். நடுவில் டாக்டர் ரோலண்ட் ப்ராங்கே, வெள்ளி முடி, கோட்டில் தங்க முள்ளந்தண்டுப் பதக்கம். அவர் முன்னால் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு முழு முதுகெலும்பு, காகிதங்கள் பறக்காமல் இருக்கக் குறுக்கே கிடந்தது. ஆர்லிஸ் எதிரே தனியாக உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வைக்கவில்லை. பன்றிப் பண்ணைக்காரர் மட்டும் இரண்டு மணி நேரம் லாரி ஓட்டி வந்து, கடைசி வரிசையில் வலது பக்கம் சாய்ந்திருந்தார்.

ப்ராங்கே தொண்டையைச் செருமினார்.

"டாக்டர் போக்மன், நூறு மணி நேரம் என்பது வெறும் எண் அல்ல. அது ஒரு சத்தியம். பொதுமக்களின் தோலுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் சத்தியம். நான் நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன். எனக்கு எதற்குப் பயிற்சி என்று விலகியிருக்கலாம். ஆனால் இளைய தலைமுறைக்கு முன்மாதிரியாக, என்னுடைய அறுபத்து மூன்றாவது வயதில், அதே வகுப்பில், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். நூறு மணி நேரமும் உட்கார்ந்தேன். பிப்ரவரி எட்டாம் தேதியும் உட்கார்ந்தேன். உங்களை நான் பார்க்கவில்லை!"

லோர்னாவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. டுவேன் குனிந்து அதை எடுத்து, அவள் காதருகே, "மை பூசினது யாருக்காகன்னு இப்பப் புரியுது" என்றான்.

லோர்னா எழுந்தாள். "தலைவர் அவர்களே, பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு வகுப்பு நல்லா நடந்துச்சா?"

"மிகச் சிறப்பாக."

"வாத்தியார் குரல்?"

"தெளிவு."

"மதியச் சாப்பாடு?"

ப்ராங்கேயின் முகம் மாறியது. எத்தனையோ சனிக்கிழமையாக அடக்கி வைத்திருந்த துயரம் அது. "அதை மட்டும் கேட்காதே, லோர்னா. கோழி. மரக்கட்டை மாதிரி. இந்தத் தொழிலின் கண்ணியத்துக்கு ஏற்ற கோழி அல்ல என்று எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறேன். தரம் என்று வந்துவிட்டால் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை."

"எழுதிக்கிட்டீங்களா?" என்று லோர்னா செயலாளரைக் கேட்டாள். செயலாளர் தலையசைத்தார்.

டுவேன் போட்டோவை ப்ராங்கேயின் முன்னால், பிளாஸ்டிக் முதுகெலும்பின் மேல் சாய்த்து வைத்தான். வெர்னா எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்தான். சாலைத் துறையின் ஒற்றைத் தாளை அதன் மேல் வைத்தான். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை நெடுஞ்சாலை மூடல்.

"அன்னிக்கு அங்க கோழியே இல்லீங்க ஐயா," என்றான் டுவேன். "வாத்தியாரும் இல்ல. நீங்களும் இல்ல. இருந்தது முப்பத்திரண்டு பன்னிக்கறி ரொட்டி, ஆறு பனி வாரறவங்க, அப்புறம் இதோ, இந்தம்மா."

கடைசி வரிசையில் பண்ணைக்காரர் முதல் முறையாக நேராக உட்கார்ந்தார்.

லோர்னா ஆர்லிஸின் பக்கம் திரும்பினாள். "தலைவரும் உங்க வகுப்புலதான் இருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஆர்லிஸ் மெதுவாக. "அடுத்த சனிக்கிழமை வாத்தியார் வந்ததும், போன வாரத் தாளையும் படிவத்தையும் எல்லாருக்கும் நீட்டினாங்க. எனக்கும் நீட்டினாங்க. வாத்தியார் குரல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருந்தது. எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. இவர் என் பேனாவத்தான் வாங்கி எழுதினார்."

"திருப்பிக் குடுத்தாரா?" என்றான் டுவேன்.

"இல்ல. பரவால்ல."

ப்ராங்கே கோட்டுப் பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்துப் பார்த்தார். எல்க் கார்னர்ஸ் கைரோபிராக்டிக் என்று அதில் அச்சடித்திருந்தது. மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

வழக்கு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் எங்கள் மாநிலத்துக்காரர் அல்ல.

வாரியத்தின் சட்ட ஆலோசகர், எதற்கும் அவசரப்படாத ஒரு மெலிந்த மனிதர், விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அந்தப் பயிற்சியில் சம்பந்தப்பட்ட உறுப்பினர் யாரும் இந்த விசாரணையில் வாக்களிக்கக் கூடாது. அந்த வகுப்பில் இருந்தவர்கள், மன்னிக்கவும், இருந்ததாகக் கையெழுத்திட்டவர்கள், கை தூக்கவும்."

ப்ராங்கே தூக்கினார். அப்புறம் ஒரு கை. அப்புறம் ஒன்று. ஏழு பேரில் ஐந்து கை எழுந்தது.

"மீதி இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கு பேர் வேண்டும். ஆகவே வாரியத்தால் டாக்டர் போக்மனைத் தண்டிக்க முடியாது."

பண்ணைக்காரர் கை தட்டினார்.

"விடுவிக்கவும் முடியாது," என்றார் ஆலோசகர்.

"அப்போ என் ஊசிப் பெட்டி?" என்றாள் ஆர்லிஸ்.

"இடைக்கால உத்தரவு அப்படியே இருக்கும். அதை ரத்து செய்யவும் நான்கு பேர் வேண்டும்."

லோர்னா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ மத்த முப்பத்தொரு பேரும்? போகாத வகுப்புக்குப் போனதா எழுதினவங்க?"

"அவர்களிடம் காகிதத்தில் நூறு மணி நேரம் இருக்கிறது. அதைப் பறிக்கவும்..."

"நாலு பேர் வேணும்."

"சரியாகச் சொன்னீர்கள்."

"டுவேன், என்னை வெளிய கூட்டிட்டுப் போ. இல்லன்னா அந்தப் பிளாஸ்டிக் முதுகெலும்ப எடுத்து யாரையாவது அடிச்சிருவேன்."

"அடிக்க நாலு பேர் வேண்டாம் மேடம், நாம ரெண்டு பேரே போதும்."

அப்போது ப்ராங்கே எழுந்தார். இரண்டு நிமிடம் உட்கார்ந்து கிடந்த கண்ணியம் அவருக்குள் மறுபடி நிமிர்ந்துவிட்டது. "நண்பர்களே! இயற்கையின் சீற்றத்தால் ஒரு சிறு குழப்பம் நேர்ந்துவிட்டது. பொதுமக்களின் பாதுகாப்பே முக்கியம். தலைவருக்கு உள்ள தனி அதிகாரத்தால் அறிவிக்கிறேன். அதே இடத்தில், மே மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை, அந்த எட்டு மணி நேர வகுப்பு மீண்டும் நடக்கும். முப்பத்திரண்டு பேரும் வரவேண்டும். நான் முதல் ஆளாக வருவேன்!"

கைதட்டல் எழுந்தது. தட்டியவர்கள் ஐந்து பேர்.

மே பத்தாம் தேதி லோர்னா ஏழரை மணிக்கே ஓட்டலுக்குப் போய்க் கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை கையெழுத்துத் தாள் அவள் கையில்தான். கழுத்து இன்னும் திரும்பவில்லை. வழக்குக் கோப்பு மூடப்படும் வரை ஆர்லிஸின் கை அதைத் தொடக்கூடாது. கோப்பை மூடவும் நான்கு பேர் வேண்டும்.

ஏழு ஐம்பதுக்கு ஆர்லிஸ் வந்தாள். கையெழுத்துப் போட்டாள். முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். டென்வரிலிருந்து வாத்தியார் வந்தார். எட்டு மணி ஆயிற்று. எட்டேகால். எட்டரை. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், லோர்னாவைப் பார்த்தார், ஒரே மாணவிக்கு முழங்கால் ஊசி பற்றிப் பாடம் சொல்லத் தொடங்கினார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

சமையலறைக் கதவு வழியே வெர்னா எட்டிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு சாப்பாடு ஆர்டர் குடுத்திருந்தாங்க. எத்தன போட்டிருக்கீங்க, வெர்னா?" என்று லோர்னா கேட்டாள்.

"மூணு. உனக்கு, அந்தப் பொண்ணுக்கு, உன் வாயாடிக்கு. வாத்தியாருக்குக் கீரை."

மாலை ஐந்து மணிக்கு ஆர்லிஸ் இரண்டாவது கையெழுத்தைப் போட்டாள். கருத்துப் படிவத்தை எடுத்து, வெகுநேரம் யோசித்து, மூன்று கேள்விக்கும் 'நன்று' என்று எழுதினாள். நூறு மணி நேரம் பூர்த்தியானால் இடைக்கால உத்தரவு தானாகவே காலாவதி ஆகும் என்று விதிப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்க அடிக்குறிப்பில் இருந்ததை டுவேன் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதற்கு ஒரு கையும் தூக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை காலை அவள் ஊசிப் பெட்டியைத் திறக்கலாம். பண்ணைக்காரர் எட்டு மணிக்கே இடம் சொல்லி வைத்திருந்தார்.

"வாழ்த்துகள், டாக்டர்," என்றாள் லோர்னா. "நூறு மணி நேரமும் நிஜமாவே உட்கார்ந்தவங்க இந்த மாநிலத்துல நீங்க ஒருத்தர்தான்னு நினைக்கிறேன்."

"மத்தவங்களுக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும்," என்றாள் ஆர்லிஸ். அடுத்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள்.

டுவேன் காரிலிருந்து ஒரு தடித்த உறையோடு வந்தான். நேற்று மாலையே வாரியத்துக்குத் தபாலில் வந்து சேர்ந்தது என்றான். லோர்னா பிரித்தாள். உள்ளே முப்பத்தொரு கருத்துப் படிவங்கள், இன்றைய தேதியிட்டு.

மேலே இருந்தது நீல மையில் எழுதியிருந்தது. விரிவுரையாளர் குரல் தெளிவு. அறை சற்றே குளிர். கோழி இந்த முறை பரவாயில்லை.

வெளியே நல்ல வெயில். நெடுஞ்சாலை திறந்திருந்தது.